இருக்கக்காவுக்கு நான் போட்ட மார்க்

இருக்கக்காவுக்குப் பத்தொன்பது மார்க் போட்டது நான்தான். இதை முதல்லயே சொல்லிடறேன். நடுவுல தெரிஞ்சு "அடிப்பாவி"ன்னு சொல்றதுக்குப் பதிலா இப்பவே சொல்லிக்கோங்க. எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும்.

நாங்க ரெண்டு பேரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட கீழ்த்தளத்துல வேலை பார்க்கிறோம். ஜன்னல் இல்லாத ரூம். ஆபரேஷனுக்குப் போற கத்திரி, கத்தி, இடுக்கி எல்லாத்தையும் கழுவி, எண்ணி, ட்ரேயில அடுக்கி, துணியில சுத்தி, ஆட்டோகிளேவ் மெஷின்ல நீராவியில வச்சு எடுத்து மேல அனுப்புறது எங்க வேலை. மேல இருக்கிறவங்களைத் தேடி நன்றி சொல்ல ஆளுங்க வருவாங்க. எங்களை யாரும் தேடி வர மாட்டாங்க. வந்தா அன்னைக்கு ஏதோ குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

எங்க ரூம்ல ஒரு சட்டம் உண்டு. ட்ரேயை அடுக்கினவளே அதைச் சரிபார்க்கக் கூடாது. அடுக்கினவ பட்டியலைப் படிக்கணும், இன்னொருத்தி ஒவ்வொரு கருவியையும் விரலால தொட்டு "இருக்கு"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். நம்ம கண்ணு நம்மளையே ஏமாத்தும், அதுக்காக. முக்கால்வாசி நாள் நான் அடுக்குவேன், அக்கா தொடுவா. "வளைஞ்ச கத்திரி ரெண்டு." "இருக்கு." "சின்ன இடுக்கி ஆறு." "இருக்கு." ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது சொல்லுவா. அதான் இருக்கக்கா. மேல இருக்கிற டாக்டர்களுக்கு அவ நிஜப் பேரே தெரியாது.

ஆளு எப்படின்னா, பட்டியல்ல இருந்தா உண்டு, இல்லைன்னா இல்லை. நடுவுல ஒண்ணு கிடையாது. ஐம்பத்தோரு வயசு, கல்யாணம் பண்ணிக்கலை. ஏன்னு கேட்டா "அமையலை"ன்னு ஒரே வார்த்தை. தங்கச்சி வீட்டு மாடியில ஒரு ரூம்ல இருக்கா. நான் போயிருக்கேன், செருப்பைக்கூட அளந்து வச்சிருப்பா. அவ அப்பா தவறிப்போன தகவல் வந்தப்ப ஒரு பெரிய ட்ரேயைப் பாதி எண்ணியிருந்தோம். போனைக் கீழ வச்சா. "படி"ன்னா. நான் பட்டியலை மூடி வச்சேன். "படிடீ"ன்னு ஒரு அதட்டல். மீதி இருபத்தெட்டையும் தொட்டு "இருக்கு" சொல்லி, கையெழுத்துப் போட்டு, கையைக் கழுவிட்டுத்தான் கிளம்பினா. தங்கச்சி இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா, "எங்கக்கா ஒரு மரக்கட்டை"ன்னு.

எங்க பிரிவோட இன்சார்ஜ் அம்மா ரிட்டயர் ஆகப் போறாங்க. அடுத்தது இருக்கக்காதான்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அப்ளிகேஷன் போடணும், மாசக் கடைசி நாளுக்குள்ள. அக்கா எதுக்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதுக்கு ஆசைப்பட்டா. ஒரு நாள் டீ குடிக்கிறப்ப, யாரும் கேக்காமலே, "இருபத்தஞ்சு வருஷத்துல நான் வேணும்னு நினைச்சது இது ஒண்ணுதாண்டி"ன்னா. சொல்லிட்டு டம்ளரைக் கழுவப் போயிட்டா. அவளுக்கு இவ்வளவு பேசினதே அதிகம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பயிற்சி மேடம் வந்து சேர்ந்தாங்க. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

மேடம் நல்லவங்கதான், குறை சொல்லக் கூடாது. மாடி ஹால்ல எங்களை உட்கார வச்சு, "ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி யோசிக்கிறோம்"னு ஆரம்பிச்சாங்க. வரிசையா யோசிக்கிறவங்க, அலசிப் பார்க்கிறவங்க, புதுசாக் கற்பனை பண்றவங்க, மனுஷங்களை முன்னாடி வச்சு யோசிக்கிறவங்கன்னு நாலு பாணியாம். ஆளுக்கு நாலு பக்கத் தாள் குடுத்தாங்க. அதுல அறுபது வாக்கியம். ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும். ஒரு பாணிக்கு எழுபத்தஞ்சு மார்க். எது குறைச்சலா வருதோ அதை வளர்த்துக்க நாமளே ஒரு திட்டம் போட்டுக்கணும். "இது பரிட்சை இல்லை. உங்களை நீங்களே பார்த்துக்கிறது, அவ்வளவுதான்"னாங்க. நாளைக்கு நிரப்பிக் குடுங்கன்னு அனுப்பிட்டாங்க.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோட தாளை எடுத்தேன். பேனா மூடியைக் கழட்டல, அதுக்குள்ள அக்கா தாளைப் பிடுங்கிட்டா.

"என்னடி பண்றே?"

"மார்க் போடறேங்கா."

"உனக்கு நீயேவா? உன் ட்ரேயை நீயே சரிபார்ப்பியா? செல்லாது. உன்னுது எங்கிட்ட குடு. என்னுதுக்கு நீ போடு."

வெளியில யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க. 'சுயமதிப்பீடு'ன்னு தாளுக்கு மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஆனா இருபத்திரண்டு வருஷம் அந்த ரூம்ல இருந்து பாருங்க, அவ சொல்றதுதான் நியாயமாத் தெரியும். எனக்கும் தெரிஞ்சுச்சு. மாத்திக்கிட்டோம்.

இப்ப அன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்லணும். ட்ரேயைத் துணியில சுத்தின பேக் மேல ஒட்டுற டேப்ல கோடு கோடா இருக்கும், சூடு பட்டா அது கறுப்பாகும். பதினொரு பேக்குல ஒண்ணே ஒண்ணுல கோடு கொஞ்சம் வெளிறியிருந்துச்சு. கறுப்புதான், ஆனா வெளிறின கறுப்பு. அக்கா பதினொண்ணையும் பிரிக்கச் சொல்லிட்டா. எல்லாத்தையும் புதுசா சுத்தி, திரும்ப மெஷின்ல ஏத்தணும். எனக்கோ பதினொரு மணிக்கு மகனோட பள்ளிக்கூடத்துக்குப் போகணும், அவன் விஷயமா டீச்சர் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு வாரமா அக்காகிட்ட சொல்லிட்டே இருக்கேன். "அக்கா, நான் கிளம்பணும்"னேன். "முடிச்சிட்டுப் போ"ன்னா. திரும்பிக்கூடப் பார்க்கலை. முடியறப்ப மணி பன்னிரண்டரை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

அந்தக் கோபத்தோடதான் பேனாவைப் பிடிச்சேன். "கூட வேலை செய்யறவங்க மனநிலையைக் கவனிப்பேன்." ஒண்ணு. "ஒரு முடிவு யாரைப் பாதிக்கும்னு முதல்ல யோசிப்பேன்." ஒண்ணு! "சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி விட்டுக் குடுப்பேன்." சைபர் போட இடம் இருந்தா சைபர் போட்டிருப்பேன். எதிர்ல அக்கா தலை நிமிராம என் தாள்ல எழுதிக்கிட்டிருந்தா. பத்தே நிமிஷம். ரெண்டையும் அவளே கொண்டுபோய் மேடம்கிட்ட குடுத்துட்டு வந்தா.

ரெண்டு நாள் கழிச்சு ஆளுக்கொரு கவர் வந்துச்சு. அக்காவுக்கு வரிசை எழுபத்தி மூணு, அலசல் அறுபத்தொண்ணு, கற்பனை இருபத்தேழு, மனுஷங்க பத்தொன்பது. எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணா போட்டாலே பதினஞ்சு வந்துடும். நான் அவளுக்குக் குடுத்தது அதுக்கு மேல நாலு.

எனக்கு அவ போட்டதைக் கேளுங்க. எல்லாமே அம்பதுக்கு மேல. மனுஷங்க, எழுபது. நானாம், எழுபதாம்! வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், விழுந்து விழுந்து சிரிச்சார். "நீ தினமும் சண்டை போடற தெருமுனைக் கடைக்காரர் பார்த்தா மயக்கம் போட்டு விழுந்துடுவாரு"ன்னார். நானும் சிரிச்சேன். ஆனா தாளை மடிச்சு பத்திரமா வச்சுக்கிட்டேன்.

அக்கா தோளைக் குலுக்கிட்டுப் போயிடுவான்னு நினைச்சேன். தப்புக் கணக்கு. அவளே தனக்குப் போட்டிருந்தா குப்பையில போட்டிருப்பா. இது இன்னொருத்தி பார்த்துப் போட்டது. சரிபார்த்த தாள். அதனால அவளுக்கு அது சத்தியம்.

"இன்சார்ஜ்னா பதினாறு பேரை வச்சு வேலை வாங்கணும்"னா. "பத்தொன்பதை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?"

"அது சும்மா ஒரு தாளுக்கா."

"சும்மா எப்படி? நீதானே போட்டே. என்னை உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

அந்த இடத்துலயே சொல்லியிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. என்னன்னு சொல்றது? உன்மேல இருந்த ஆத்திரத்துல குத்தினேன்னா? அவ எனக்கு எழுபது போட்டிருக்கா. வாயை மூடிக்கிட்டேன். அவ முடிவு பண்ணிட்டா. "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். இதை ஏத்த முடிஞ்சா அப்ளிகேஷன் போடறேன். முடியலைன்னா நான் அந்த வேலைக்கு லாயக்கில்லை." அவ ஒண்ணு சொன்னா சொன்னதுதான். எனக்கு அன்னையில இருந்து இருப்புக் கொள்ளலை.

அடுத்த நாள் ஒரு நோட்டோட வந்தா. முதல் பக்கத்துல 'மனுஷங்க'ன்னு தலைப்பு. கீழ பட்டியல். ஒண்ணு, முகத்தைப் பார்க்கணும். ரெண்டு, வீட்டுல நலமான்னு கேக்கணும். மூணு, பதில் முடியற வரைக்கும் நிக்கணும். நாலு, ஏதாவது ஒண்ணைப் பாராட்டணும். பக்கத்துல எங்க எல்லார் பேரும், தினமும் டிக் அடிக்கக் கட்டம். எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை.

தள்ளுவண்டி ஓட்டுற அண்ணன்கிட்ட போய், "உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?"ன்னு கேட்டா. அவர் வெலவெலத்துப்போய் என்கிட்ட ஓடி வந்தார். "மூணு வருஷமா நொண்டுறேன், ஒரு நாள் கேக்கலை. இன்னைக்குக் கேக்குறாங்கன்னா என்னை வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம்மா?"ன்னார். புதுசா ரெண்டு மாசம் முன்னாடி சேர்ந்த பொண்ணுக்குப் பாராட்டு என்ன தெரியுமா? "உன் கையெழுத்து இப்ப முன்ன மாதிரி கண்றாவியா இல்லை." அந்தப் பொண்ணு பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்துச்சு. நோட்டுல டிக் விழுந்துச்சு.

கற்பனையும் வளரணும்ல, அதுக்கு தினமும் வேற வேற தெரு வழியா வீட்டுக்கு நடந்தா. ஒரு நாள் வழி தவறி, ஏதோ மரப்பட்டறைப் பக்கம் சுத்திச் சுத்தி வந்திருக்கா. வீட்டுக்குப் போனதும் தங்கச்சியைக் கட்டிப் பிடிச்சாளாம். தங்கச்சி எனக்குப் போன் பண்ணி அழறா. "அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா? எங்கிட்ட மறைக்காதீங்க. அம்மா போனப்பகூட அவ என்னைத் தொட்டதில்லை." அவளைச் சமாதானப்படுத்திப் போனை வைக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு.

அக்காவும் ஒரு இடத்துல நிக்கலை. மெஷின் ஓடற நாப்பது நிமிஷம் எப்பவும் நாற்காலியில உட்கார்ந்து கண்ணை மூடுவா. இப்ப மேசை மேசையா நோட்டோட அலையறா. யார் முகத்தையாவது உத்துப் பார்க்கிறா. பார்க்கிற பார்வையைப் பார்த்தா திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் தோத்துடும். நடுவுல என்கிட்ட வந்து, "ஏறியிருக்குமாடி?"ன்னு கேப்பா. பச்சைப் பிள்ளை கேக்குற மாதிரி. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க, எனக்குக் குறுகுறுப்பு இல்லை, குடைச்சல். ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறேன். "எழுபது மார்க் வாங்கினவளுக்கு என்ன தூக்கம் வராம?"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் வேற.

இன்னும் ஒண்ணு இருக்கு. சொல்லக் கூசுது, சொல்லிடறேன். மாசம் முடியப் பத்து நாள் இருக்கிறப்ப அக்கா ஒரு அப்ளிகேஷன் ஃபாரத்தைக் கொண்டு வந்து என் கையில திணிச்சா. "நான் தேறலைன்னா நீ போடு. எழுபது வச்சிருக்கே. வெளியாளு யாராவது வந்து இந்த ரூமைக் கெடுக்கக் கூடாது." நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. வீட்டுக்குக் கொண்டு போனேன். பேர் எழுதினேன், வயசு எழுதினேன், இருபத்திரண்டு வருஷ அனுபவம்னு எழுதினேன். கையெழுத்து இடத்தை மட்டும் விட்டு வச்சேன். நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு இன்சார்ஜ் மாதிரி ஒரு தடவை முறைச்சும் பார்த்தேன். ஆசை யாரை விட்டுச்சு, சொல்லுங்க.

கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. வயித்து ஆபரேஷனுக்கான பெரிய ட்ரே. நான் அடுக்கினேன், நான் படிக்கிறேன்.

"வளைஞ்ச கத்திரி ரெண்டு."

"இருக்கு. ஏண்டி கண்ணு சிவந்திருக்கு?"

"ஒண்ணுமில்லை. நேர் கத்திரி ஒண்ணு."

"இருக்கு. தூங்கலையா? வீட்டுல நலம்தானே?"

"நலம்தான். நீள இடுக்கி நாலு."

"இருக்கு."

சுத்தினோம், மெஷின்ல வச்சோம், மேல அனுப்பினோம். ஒரு மணி நேரத்துல, நர்ஸுங்க எல்லாருக்கும் தலைவியான மேட்ரன் படியிறங்கி வந்தாங்க. போன்ல சொல்லலை, நேர்லயே வந்தாங்க. நேர் கத்திரி இல்லை. நல்லவேளை, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி மேல அவங்க ஒரு தடவை எண்ணுவாங்க. வேற ட்ரே அனுப்பி, இருபது நிமிஷம் தாமதம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. கத்திரி எங்க இருந்துச்சு? கழுவுற தொட்டிக் கூடைக்கு அடியில.

"உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கலை"ன்னு மேட்ரன் அக்காவைப் பார்த்துச் சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. இருபத்தஞ்சு வருஷத்துல அக்கா கேட்ட முதல் சொல்.

அவங்க போனதும் அக்கா நோட்டை எடுத்து டிராயருக்குள்ள போட்டுப் பூட்டினா. "மனுஷங்களைப் பார்த்தா கருவியைப் பார்க்க முடியலை. கருவியைப் பார்த்தா மனுஷங்க தெரிய மாட்டேங்குது. எனக்கு ஆகாதுடி. நீ அப்ளிகேஷன் போடு. நான் போடலை." குரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு. ஆனா சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போனா, எதையும் மறக்காதவ. படுபாவி நான், ஒரு பேனாவை வச்சு இவளை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்துட்டேனே!

சாயங்காலம் உடை மாத்துற ரூம்ல அவ பின்னாடியே போனேன். கதவைச் சாத்தினேன்.

"அக்கா, அந்தப் பத்தொன்பது பொய். கோபத்துல போட்டேன்."

சட்டைப் பொத்தான் போட்டுக்கிட்டிருந்தவ நிறுத்தினா. "என்ன கோபம்?"

"பதினொரு பேக்கைப் பிரிக்கச் சொன்னியே, அன்னைக்கு."

"கோடு வெளிறியிருந்துச்சே."

"அது தெரியும். நான் மகன் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு சொன்னேன்ல?"

யோசிச்சா. நிஜமாவே யோசிச்சா. "சொன்னே. ஆமா, சொன்னே"ன்னா. மீதிப் பொத்தானைப் போட்டுக்கிட்டு, பையை எடுத்துக்கிட்டு, கதவைத் திறந்துக்கிட்டுப் போயிட்டா. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அந்தக் கதவோட போச்சுன்னு நினைச்சேன். அங்கேயே பெஞ்சுல உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் நான் வர்றப்ப அக்கா எனக்கு முன்னாடி வந்து மேசையில நிரப்பாத ஒரு தாளோட உட்கார்ந்திருக்கா. அதே அறுபது வாக்கியம். மேடத்தைத் தேடிப்பிடிச்சு நடந்த எல்லாத்தையும் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கா. "ஆளுக்காளு மாத்திப் போட்டீங்களா!"ன்னு மேடம் தலையில கை வச்சுக்கிட்டாங்களாம். "இப்பவாவது உங்களுக்கு நீங்களே போட்டுப் பாருங்களேன்"னு கெஞ்சியிருக்காங்க. "அது செல்லாது மேடம்"னு சொல்லிட்டு வந்துட்டா.

"உட்காரு"ன்னா. "இப்ப கோபம் இருக்கா?"

"இல்லைக்கா."

"தூங்கினியா?"

"தூங்கினேன்."

"அப்போ போடு. பாவம் பார்க்காதே. பாவம் பார்க்கிறதும் கோபத்துல போடற மாதிரிதான்."

என் வாழ்க்கையில அவ்வளவு நிதானமா எதையும் எழுதினதில்லை. "ஒரு முடிவு யாரைப் பாதிக்கும்னு முதல்ல யோசிப்பேன்." அந்தப் பதினொரு பேக்கை நினைச்சேன். அதைப் பிரிக்கச் சொன்னப்ப என்னை அவ நினைக்கலை, உண்மை. மேல மேசையில படுத்திருக்கப்போற யாரோ ஒருத்தரை நினைச்சா. போன தடவை ஒண்ணு, இப்ப நாலு போட்டேன். "கண் முன்னாடி இல்லாதவங்க நிலைமையையும் நினைச்சுப் பார்ப்பேன்." இதுக்கும் போன தடவை ஒண்ணுதான், இப்ப மூணு. அப்புறம் வந்துச்சு: "வருத்தத்துல இருக்கிறவங்ககிட்ட ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசுவேன்."

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்துச்சு, எங்க ஆஸ்பத்திரியிலதான். அன்னைக்கு அக்கா ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்து, எனக்கான ட்ரேயைத் தன் கையால அடுக்கி, ஒருத்தர் பத்தாதுன்னு ரெண்டு பேரை வச்சு சரிபார்த்து, மேல வரைக்கும் தானே கொண்டுபோய்க் குடுத்திருக்கா. எனக்கு மயக்கம் தெளிஞ்சப்ப கட்டில் பக்கத்துல நின்னா. "முப்பத்தாறும் இருந்துச்சு"ன்னா. போயிட்டா. ஒரு "வலிக்குதாடி" கிடையாது. இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க? எனக்கு அஞ்சு போடணும்னு கை பரபரத்துச்சு. ஆனா தாள்ல கேட்டிருந்தது ரெண்டு வார்த்தை பேசுவாளான்னு. பேச மாட்டா. ஒண்ணுதான் போட்டேன். போடறப்ப கண்ணுல தண்ணி நின்னுச்சு.

அக்கா ரெண்டு தடவை கூட்டினா.

"மனுஷங்க இருபத்தி நாலு"ன்னா. "அப்போ அஞ்சு மார்க்குதான் உன் கோபம். மீதி நான்தான்."

எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. "அக்கா..."ன்னு கையைப் பிடிச்சேன்.

"விடுடி. சரியாப் போட்டிருக்கே." கையை உருவிக்கிட்டா. "அஞ்சு எங்க ஏறியிருக்குன்னு பாரு. மேல படுத்திருக்கிறவங்க பக்கத்துல ஏறியிருக்கு. இந்த வேலைக்கு அது போதும். உங்களை எல்லாம் நலம் விசாரிக்கிறதுக்கு வேற ஆளு பார்த்துக்கலாம்." சொல்லிட்டு அப்பவே அப்ளிகேஷனை எழுதினா. கூடவே அந்தத் தாளையும் ஊசி குத்தி வச்சா, ஆள் எடுக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னு. என் ஃபாரத்தை நான் அன்னைக்கே கிழிச்சுப் போட்டேன். கிழிக்கிறப்ப வலிச்சுச்சு, பொய் சொல்லலை.

பதவி அவளுக்குத்தான் வந்துச்சு. இன்டர்வியூல மேட்ரன் "உங்க குறை என்ன?"ன்னு கேட்டதுக்கு, "மனுஷங்க. எழுபத்தஞ்சுக்கு இருபத்தி நாலு"ன்னு சொன்னாளாம். அவங்க சிரிச்சுட்டாங்களாம். நான் ரூம் முழுக்கத் தலைகால் புரியாம ஆடினேன். எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன்.

முதல் திங்கள்கிழமை சுவத்துல புது வேலைப் பட்டியல் ஒட்டினா. காலையில சரிபார்க்கிற வேலையை அவளே வச்சுக்கிட்டா. அதுல என் பேரைத் தேடினேன், இல்லை. மத்தியான ஷிஃப்ட்ல இருக்கு, அந்தப் புதுப்பொண்ணோட. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நேரா அவ மேசைக்குப் போனேன்.

"பழி வாங்குறியாக்கா? நேரடியாச் சொல்லிடு."

"இல்லைடி." நிமிர்ந்து பார்த்தா. "அந்த நேர் கத்திரி. உன் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்ததாலதான் விட்டேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் என்னை நானே கவனிச்சேன். முகத்தைப் பார்க்காத நாள்லயும் நீ பாதி படிக்கிறப்பவே 'இருக்கு'ன்னு சொல்லிடறேன். நீ அடுக்கினா இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதுக்கப்புறம் விரல் தொட மாட்டேங்குது. எத்தனை வருஷமா இப்படின்னு தெரியலை."

சுவத்துல இருந்த பட்டியலைத் திரும்பிப் பார்த்தேன்.

"உனக்கு எழுபது போட்டேன்ல, அதுவும் அப்படிப் போட்டதுதான்"னா. "ஒரு வாக்கியத்தையும் சரியாப் படிக்கலை."

கோபம் வந்துச்சு. அழுகை வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துச்சு. அவ பேச்சுல எங்கேயாவது தப்பு இருக்காதான்னு தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கலை. மத்தியானம் ரெண்டு மணிக்கு முதல் ட்ரேயை அடுக்கி, புதுப்பொண்ணுக்கு எதிர்ல நின்னு படிக்க ஆரம்பிச்சேன். அந்தப் பொண்ணு என்னைத் துளிகூட நம்பாம, ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போனா.